உ டெஸ்ட் செண்பகவல்லி

மே 5, திங்கள்

பிள்ளையார் சுழி போட்டாயிற்று. மெய்யாகத் தொடங்கும் எந்தக் காரியத்தையும் நான் சுழி போடாமல் தொடங்குவதில்லை. மளிகைச் சீட்டுக்கும் சலவைச் சீட்டுக்கும் போடமாட்டேன். சில்லறைக் காரியத்துக்கெல்லாம் அவரை எழுப்பக் கூடாது என்பது என் கொள்கை.

இந்த நோட்டு நிலோஃபர் கொடுத்த யோசனை. எங்கள் கேட்டரிங் கல்லூரியில் இந்த வருடத்திலிருந்து காகித விண்ணப்பம் கிடையாது, எல்லாம் ஆன்லைன். அதை அமைத்துக் கொடுக்கக் கோயம்புத்தூரிலிருந்து வந்திருக்கும் பெண் அவள். தினமும் என்ன பிரச்சினை வந்தாலும் ஒரு நோட்டில் எழுதி வைக்கச் சொன்னாள். ஆபீஸ் நோட்டில் ஆங்கிலத்தில் இரண்டு வரி எழுதிவிட்டேன். மிச்சம் இங்கே.

நான் இருபத்திரண்டு வருடமாக அட்மிஷன் கிளார்க். விண்ணப்பத்தை வாங்கி, முத்திரை குத்தி, நம்பர் போட்டு, குண்டூசி குத்தி, கட்டுக் கட்டி, தேர்வுக் குழுவின் மேஜையில் வைப்பவள். இனி குத்துவதற்கு ஒன்றும் இல்லை. பிரின்சிபால் பெனடிக்ட் சார் எல்லோரையும் கூப்பிட்டு விளக்கினார். தேர்வு செய்கிறவர்களுக்கு நம்பர் மட்டும்தான் தெரியுமாம். பெயர் தெரியாது, ஊர் தெரியாது, யார் சொல்லி அனுப்பியது என்று தெரியாது, வயசு தெரியாது.

வயசு கூடவா என்று கேட்டேன். ஆமாம் என்றார். கூட்டம் முடிந்ததும் இன்னொரு தடவை கேட்டேன். சும்மாதான்.

ஆறு இருபது பஸ்ஸில் சின்னாளப்பட்டி வந்து சேர்ந்தேன். ஆபீஸ் ஐந்துக்கு முடிந்துவிடும், ஆனால் வேலை இருந்தது. எதிர்ச் சமையல்கூடத்தில் மாலை வகுப்பு. இன்று பால் ரொட்டி. மூன்று நிமிடம் முன்னாலேயே வெளியே எடுத்துவிட்டார்கள். எனக்கென்ன வந்தது.

மே 7, புதன்

பழைய பீரோவைக் காலி செய்தோம். இருபத்திரண்டு வருட விண்ணப்பங்கள். தும்மித் தும்மி நிலோஃபரின் மூக்கு சிவந்துவிட்டது. காகிதங்களின் நான்கு மூலையிலும் மஞ்சள் தடவியிருப்பதைப் பார்த்துவிட்டு, இது என்ன கறை என்று கேட்டாள். கறை இல்லை, நல்லது நடக்க வேண்டும் என்று வீட்டில் தடவி அனுப்புவது என்றேன். இதற்கு ஆன்லைனில் வழி இல்லையே என்று நிஜமாகவே கவலைப்பட்டாள். அப்போதுதான் அந்தப் பெண்ணை எனக்குப் பிடித்துப்போனது.

அடித்தட்டில் ஒரு விண்ணப்பம் தனியாகக் கிடந்தது. பேக்கரி பட்டயப் படிப்பு, மாலை வகுப்பு, அது தொடங்கிய முதல் வருடம். அதாவது பதினோரு வருடத்துக்கு முந்தையது. முத்திரை இருக்கிறது, நம்பர் இல்லை. பெயரைப் பார்த்துவிட்டு, "அக்கா, இது நீங்களா?" என்றாள். அப்போது புது முத்திரை வந்திருந்தது, சரியாக விழுகிறதா என்று பார்க்கக் குத்தியது என்று சொல்லி வாங்கிக் கைப்பையில் வைத்துக்கொண்டேன். குப்பைதான். போகிற வழியில் போட்டுவிடலாம்.

அந்த வருடம் நடந்த இன்னொன்றும் ஞாபகம் வந்தது. வத்தலக்குண்டிலிருந்து ஓர் அம்மா, நாற்பது வயது, விண்ணப்பம் போட்டிருந்தார். அன்றைய சூப்பரிண்டெண்ட் அதை எடுத்து ஆபீஸ் முழுவதற்கும் உரக்கப் படித்துக் காட்டினார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அதை எழுதிக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

மே 9, வெள்ளி

குப்பைத் தொட்டி நிறைந்திருந்தது. பைக்குள்ளேயே இருக்கட்டும்.

மே 12, திங்கள்

இன்றைக்குப் போல ஆபீசில் சிரித்ததே இல்லை.

சோதனை விண்ணப்பங்கள் போடச் சொன்னாள் நிலோஃபர். ஆளுக்குப் பத்து. பெயர்க் கட்டத்தில் முதலில் டெஸ்ட் என்று அடித்துவிட்டு அப்புறம் எந்தப் பெயர் வேண்டுமானாலும் போடலாம். டெஸ்ட் என்று தொடங்குவதையெல்லாம் வெள்ளிக்கிழமை ஒரே அழுத்தில் அழித்துவிடுவாளாம். ஓடிபி கூட இன்றைக்கு எல்லோருக்கும் ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து, ஆறுதான்.

டெஸ்ட் பெரிய நாத்தனார். டெஸ்ட் சின்ன நாத்தனார். டெஸ்ட் மாடிவீட்டு வாத்தியார். ஏன் இந்தப் படிப்பில் சேர விரும்புகிறீர்கள் என்ற கட்டத்தில் பெரிய நாத்தனாருக்கு, "மற்றவர் சமையலில் குறை சொல்லும் திறமையை வளர்த்துக்கொள்ள" என்று எழுதினேன். வாத்தியாருக்கு மதிப்பெண் சான்றிதழுக்குப் பதிலாகக் கரண்டு பில்லைப் போட்டோ எடுத்து ஏற்றினேன். சிஸ்டம் வாங்கிக்கொண்டது. நிலோஃபர் கன்னத்தில் கை வைத்துவிட்டாள். இதுதான் வேண்டும் அக்கா, இப்படித்தான் உடைக்க வேண்டும் என்று ஒரே பாராட்டு.

ஒன்பது முடித்ததும் பத்தாவதுக்குப் பெயர் ஒன்றும் தோன்றவில்லை. என் பெயரையே போட்டேன். வயது நாற்பத்தேழு. என் ப்ளஸ் டூ சான்றிதழ் தற்செயலாகக் கைப்பையில் இருந்தது. செல் நம்பர் கட்டத்தில் வழக்கமாக அடிக்கிற நம்பரைக் கை தானாக அடித்தது. ஏன் சேர விரும்புகிறீர்கள் கட்டத்தை மட்டும் நாளைக்கு என்று விட்டுவைத்தேன்.

மே 14, புதன்

நூற்றைம்பது வார்த்தைக்கு மூன்று நாள். சோதனை என்றால் முழுமையாக இருக்க வேண்டாமா?

என்ன எழுதினேன் என்பதை இங்கே சுருக்கமாக. ஒரு கட்டடத்தில் மாலை ஐந்தேமுக்காலுக்கு ரொட்டி வாசனை வந்தால், அங்கே எல்லோரும் கொஞ்சம் நல்லவர்களாகிவிடுகிறார்கள். கோபமாக வந்த பெற்றோர் குரலைத் தணிக்கிறார்கள். அதை உண்டாக்கத் தெரிந்துகொள்ள ஆசை. வாசனையை வைத்தே ஈஸ்ட் கூடியதா, மாவு போதுமான நேரம் ஊறியதா என்று எனக்குச் சொல்ல முடியும், ஆனால் கையால் ஒரு தடவை கூடச் செய்ததில்லை. உங்கள் இரண்டாவது அடுப்பில் கீழ்ச்சூடு அதிகம். பன்னின் அடி எப்போதும் முதலில் கருகுகிறது. அதை யாராவது பார்க்க வேண்டும்.

அழிக்கப் போகிற விண்ணப்பத்தில் என்ன எழுதினால்தான் என்ன.

மே 16, வெள்ளி

நிலோஃபர் அழுத்தினாள். எங்கள் எல்லோருடையதும் சேர்த்து முப்பத்தொன்பது நீக்கப்பட்டன என்று திரையில் வந்தது. அவளுக்கு எண்ணிக்கை தெரியாது. நாங்கள் நான்கு பேர் போட்டது நாற்பது. ஏதோ சொல்ல வாயைத் திறந்தேன், அதற்குள் டீ குடிக்கக் கூப்பிட்டாள். போனேன்.

டீக்கடையில் அவளே விளக்கினாள். இனி எல்லாம் பூட்டு. அனுப்பிய விண்ணப்பத்தைக் கிளார்க்கும் திறக்க முடியாது, பிரின்சிபாலும் திறக்க முடியாது, அவளாலேயே முடியாது. இடம் கிடைத்தால் அனுப்பியவர் மட்டும் அவருடைய ஓடிபியை வைத்து ஏற்கலாம், இல்லை விலகலாம். ரொம்ப நல்லது என்றேன். டீயில் சர்க்கரை போடவில்லை என்பது பாதிக் குவளை போன பிறகுதான் தெரிந்தது.

மே 19, திங்கள்

திறந்தாகிவிட்டது. கம்ப்யூட்டர் வசதி இல்லாதவர்களுக்காக ஹாலில் ஆறு மேஜை போட்டிருந்தோம். காலை பத்துக்கே கூட்டம்.

முதலில் வந்த அம்மா மகனை உட்கார வைத்துவிட்டு, முந்தானையில் முடிந்து வைத்திருந்த மஞ்சளை எடுத்து, திரையின் நான்கு மூலையிலும் தடவினார். நிலோஃபர் பதறிப்போய் துணி தேடினாள். விடு, கண்ணாடிதானே என்றேன். பதினோரு மணிக்குள் ஆறு திரையும் மஞ்சளாகிவிட்டன. அடுத்த அப்பா ஒரு பெரிய மனிதரின் சிபாரிசுக் கடிதத்தோடு வந்து, இதை எங்கே குத்துவது என்று கேட்டார். குத்த இடமில்லை என்றேன். கம்ப்யூட்டரைச் சுற்றி ஒரு தடவை நடந்து பார்த்துவிட்டு, பின்பக்கம் ஓட்டை ஏதாவது இருக்குமே என்றார்.

ஓடிபி வந்ததும் ஒவ்வொருவரும் ஏலம் போடுகிற மாதிரி கத்திச் சொன்னார்கள். ரகசியம் என்று நிலோஃபர் கெஞ்ச, ஹால் முழுவதும் இன்னொருவரின் ரகசியத்தை இவருக்குச் சரி பார்த்துச் சொன்னது.

நான் பெண்களிடம்தான் சண்டை போட்டேன். எல்லோரும் புருஷன் நம்பரையே கொடுக்கிறார்கள். "சொந்த நம்பர் குடுங்கம்மா. படிக்கப்போறது நீங்களா அவரா?" என்று கேட்டேன். நன்றாகத்தான் கேட்டேன்.

ராத்திரிச் சாப்பாட்டில் இவர், பஸ் ஸ்டாண்ட் டைம் கீப்பர், நேரத்தைத் தவிர வேறு எதையும் கேட்காத மனுஷன், பரிசீலனை என்றால் சாதாரணமாக எத்தனை நாள் ஆகும் என்று கேட்டார். எதற்கு என்றேன். டிப்போவில் ஒருத்தர் மனு போட்டிருக்கிறாராம்.

மே 22, வியாழன்

என் கணக்கு சரியாக அழிந்துவிட்டதா என்று பார்க்க மட்டும் உள்ளே போய்ப் பார்த்தேன். அழியவில்லை. பரிசீலனையில் உள்ளது என்று இருந்தது. கடவுச்சொல்லை எங்கும் எழுதக் கூடாது என்பதால் எழுதவில்லை. சாப்பிடுகிற பொருள், முட்டை சேர்க்காதது.

மே 24, சனி

இவருக்கு என்னவோ ஆகிவிட்டது. பஸ் ஸ்டாண்ட் பேக்கரியிலிருந்து ஒரு ரொட்டி வாங்கி வந்து என் முன்னால் வைத்து, இதில் என்ன குறை என்று கேட்டார். முகர்ந்து பார்த்து, மாவு அவசரப்பட்டிருக்கிறது என்றேன். ஓகோ என்று தலையை ஆட்டிவிட்டு உட்கார்ந்து முழுதும் தின்றார். சமையலறையில் கிராம் கணக்குக் காட்டுகிற ஒரு சின்னத் தராசும் புதிதாக இருக்கிறது. கேட்டால், வீட்டில் இருக்க வேண்டிய பொருள்தானே என்கிறார். கல்யாணமாகி இருபத்து மூன்று வருடத்தில் வீட்டில் இருக்க வேண்டிய பொருள் என்று அவர் வாங்கி வந்தது சுவர்க் கடிகாரங்கள் மட்டும்தான். மூன்று இருக்கின்றன.

மே 30, வெள்ளி

இன்றோடு மூடியாயிற்று. பேக்கரிக்கு மட்டும் இருநூற்றுப் பன்னிரண்டு. இடம் இருபத்து நான்கு. அதாவது இருநூற்றுப் பதினொன்று, சோதனையைக் கழித்தால்.

நிலோஃபரிடம் இன்றாவது சொல்லிவிட நினைத்தேன். அவள் பக்கத்தில் போய் நின்றேன். என்னக்கா என்றாள். மஞ்சள் போக எலுமிச்சை நல்லது என்று சொல்லிவிட்டு வந்தேன்.

ஜூன் 4, புதன்

பேக்கரி மாஸ்டர் அருளப்பன் இன்று ஆபீசுக்குள் வந்து மேஜையைத் தட்டினார். விண்ணப்பங்களைப் படித்து மார்க் போடுவது அவர்தான். எவரோ ஒருவர் தன் அடுப்பைப் பழித்திருக்கிறாராம்.

"பதினோரு வருசமா அந்த அடுப்போட குடும்பம் நடத்துறேன். முன்ன பின்ன பாக்காத ஆளு, கீழ்ச்சூடு சாஸ்தின்னு எழுதியிருக்கான்."

யார் என்று கண்டுபிடித்துச் சொல்ல முடியுமா என்று என்னிடம் கேட்டார். எல்லாம் பூட்டு மாஸ்டர், யாருக்கும் தெரியாது என்றேன். குரல் நன்றாகத்தான் வந்தது, கையில் இருந்த பேனாதான் கீழே விழுந்தது. முணுமுணுத்துக்கொண்டே போய்விட்டார்.

மாலை ஐந்தரைக்குச் சமையல்கூடத்தில் மெக்கானிக்கின் சைக்கிள் நின்றது. ஆறு மணிக்கு வந்த வாசனையில் கருகல் இல்லை. பதினோரு வருடத்தில் முதல் தடவை. வராந்தாவில் யாரும் இல்லை, அதனால் கொஞ்சம் குதித்தேன். ஒரு தடவை. இரண்டு தடவை.

ஜூன் 9, திங்கள்

தேர்வுப் பட்டியல் திறந்தது. நம்பருக்கு எதிரில் பெயர் இன்றுதான் வெளியே தெரியும். பதினோரு மணிக்கு பெனடிக்ட் சார் கூப்பிட்டு அனுப்பினார். உள்ளே நிலோஃபரும் அருளப்பன் மாஸ்டரும் உட்கார்ந்திருந்தார்கள். பட்டியலை என் பக்கம் திருப்பி வைத்தார். ஆறாவது இடத்தில் ‘உ டெஸ்ட் செண்பகவல்லி’ என்று இருந்தது.

வேலை போய்விடும் என்று நினைத்தேன். அதைவிட, பெயரை யாராவது உரக்கப் படித்துவிடுவார்களோ என்று நினைத்தேன்.

சோதனைக்குப் போட்டது சார், அழியாமல் விட்டுப்போய்விட்டது, அழித்துவிடுங்கள், இருபத்தைந்தாவது ஆளுக்குக் கொடுத்துவிடுங்கள் என்று ஒரே மூச்சில் சொன்னேன். நிலோஃபர் மடிக்கணினியைப் பார்த்தபடி, பூட்டிய பிறகு யாரும் உள்ளே போய் எதையும் மாற்றவில்லை, மார்க்கெல்லாம் சுத்தம் என்றாள். டெஸ்டுக்கு முன்னால் சுழி இருந்ததால்தான் இது அழியவில்லை என்றாள். கைப்பழக்கம் என்றேன்.

"அப்ப மத்த ஒம்பதும் அழிஞ்சுதே அக்கா. அதுக்கெல்லாம் சுழி போடலைங்களா?"

பெனடிக்ட் சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"செண்பகம்மா, நான் சர்ச்சுக்குப் போறவன். எனக்கே தெரியும். டெஸ்டுக்கு யாராவது பிள்ளையார் சுழி போடுவாங்களா?"

யாரும் சிரிக்கவில்லை. நான் அழுதேன். ஆபீசில் இருபத்திரண்டு வருடத்தில் அழுததில்லை, இந்தப் பாழாய்ப்போன கண் இன்றைக்கென்று பார்த்து அழுதது. அருளப்பன் மாஸ்டர் எழுந்து நின்று, அடுப்பைச் சரி பண்ணியாகிவிட்டது, சொன்ன ஆள் வந்து பார்க்காவிட்டால் எப்படி என்று சுவரைப் பார்த்துச் சொன்னார்.

வகுப்பு ஐந்து மணிக்கு மேல்தான், ஆபீஸ் வேலைக்கு இடைஞ்சல் இல்லை, வயது வரம்பும் இல்லை என்றார் சார். ஏற்பதா விலகுவதா என்பதை விண்ணப்பித்தவர்தான் அழுத்த வேண்டும், நாளை மாலை ஐந்து மணிக்குள். அவரால் கூட அழுத்த முடியாதாம்.

வீட்டில் ஒன்றும் சொல்லவில்லை. இவர் என் முகத்தைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார், சாப்பிட்டார்.

ஜூன் 10, செவ்வாய்

காலை முழுவதும் விலகுவதற்குக் காரணம் தேடினேன். இருபத்தைந்தாவது ஆள் பாவம். முட்டி வலி. நாத்தனார்கள். மூன்று மணிக்குக் காரணங்கள் தீர்ந்துபோயின. நாலரைக்கு உள்ளே போய், சுழியை மனதில் போட்டுக்கொண்டு, ஏற்கிறேன் என்பதை அழுத்தினேன்.

ஓடிபி அனுப்பப்பட்டுள்ளது என்று வந்தது. என் செல்லைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தேன். ஒன்றும் வரவில்லை. திரையை மறுபடி படித்தேன். நாற்பத்தொன்றில் முடியும் எண்ணுக்கு என்று இருந்தது.

நாற்பத்தொன்று இவருடையது. கேஸ், ரேஷன், பேங்க், எல்லாவற்றுக்கும் இருபத்து மூன்று வருடமாக நான் அடிக்கும் நம்பர். இத்தனை பெண்களோடு சண்டை போட்ட அதே கையால்.

நிலோஃபர் தலையில் அடித்துக்கொண்டாள். "பத்து நிமிசம்தாங்க்கா, சீக்கிரம்."

போன் போட்டேன். பஸ் ஸ்டாண்ட் இரைச்சலுக்கு நடுவில் இவர் குரல் வந்தது.

"யாரு, உ டெஸ்ட் செண்பகவல்லியா?"

உங்களுக்கு எப்படித் தெரியும் என்றேன்.

"மே பத்தொம்பதாம் தேதி வணக்கம் உ டெஸ்ட் செண்பகவல்லின்னு ஒரு மெசேஜ் வந்துச்சு. உங்க விண்ணப்பம் பரிசீலனையில் உள்ளதுன்னு. நேத்து, தேர்வாயிட்டீங்கன்னு இன்னொண்ணு. நீ எப்பச் சொல்லுவேன்னு பாத்துக்கிட்டே இருக்கேன்."

"ஏங்க எங்கிட்டச் சொல்லலை?"

"நீயுந்தான் பதினோரு வருசமா அஞ்சு இருபது வண்டிய விட்டுட்டு ஆறு இருபதுக்கு வர்ற. சொன்னியா? நான் டைம் கீப்பர் செண்பகம். எந்த வண்டி எதுக்கு லேட்டுன்னு எனக்குத் தெரியும்."

போனில் மதுரை, மதுரை என்று ஒரு கண்டக்டர் மட்டும் கத்திக்கொண்டிருந்தார். நிலோஃபர் விரலைக் காட்டி நேரம், நேரம் என்று குதித்தாள்.

பிறகு நம்பரைச் சொன்னார். பஸ் நேரம் அறிவிக்கிற அதே குரலில், இரண்டு இரண்டாக, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி. ரகசியம் என்று சொல்ல எனக்குத் தோன்றவே இல்லை. பக்கத்தில் யாரோ கைதட்டினார்கள். கண்டக்டர்களாக இருக்க வேண்டும்.

அடித்தேன். ஏற்றுக்கொள்ளப்பட்டது என்று வந்தது. நிலோஃபர் என்னைக் கட்டிக்கொண்டாள். இவர் இன்னும் லைனில் இருந்தார்.

"எட்டே முக்காலுக்கு ஒரு வண்டி இருக்கு," என்றார். "அதுல வா."

ஜூன் 16, திங்கள்

ஐந்து மணிக்கு மேஜையைப் பூட்டினேன். வராந்தாவைக் கடக்கப் பதினான்கு எட்டு. இத்தனை வருடமாகப் பக்கத்தில்தான் இருந்திருக்கிறது.

வகுப்பில் மற்ற இருபத்து மூன்று பேரும் என்னை மேடம் என்று சொல்லி எழுந்து நின்றார்கள். அருளப்பன் மாஸ்டர் அதட்டி உட்கார வைத்தார், என்னையும் சேர்த்து. பன் செய்தோம். மாவு கையில் ஒட்டியது, மூக்கில் ஒட்டியது, ஈஸ்ட் பொங்குவதைப் பார்த்து நான் சத்தமாகச் சிரித்தேன், பக்கத்துப் பையன் பயந்துபோனான். அடி கருகவில்லை.

முதல் பன்னை இவருக்குக் கொண்டுபோக ஒரு காகிதம் தேடினேன். கைப்பையில் அந்தப் பழைய விண்ணப்பம்தான் இருந்தது. அதிலேயே சுற்றினேன்.

எட்டே முக்கால் வண்டியில் இவரும் டூட்டி முடித்து ஏறினார். ஓர சீட்டில் உட்கார்ந்து பன்னைத் தின்றார். தின்றுவிட்டுக் காகிதத்தைக் கசக்கப் போனவர், நிறுத்தி, விரித்து, முழங்காலில் வைத்து நீவினார். என் பெயர், அன்றைய வயது, பதினோரு வருடத்துக்கு முந்தைய முத்திரை. மேலே சுழி. நான்கு மூலையிலும் மஞ்சள்.

முத்திரை சரியாக விழுகிறதா என்று பார்க்கப் போட்டது என்று நான் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை. நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

"பன்னுல உப்பு கொஞ்சம் கம்மி," என்றார், சன்னலைப் பார்த்து.

தெரியும் என்றேன். நாளைக்குச் சரி செய்துவிடுவேன்.